நெல் சீசனில் மைஎஸ்கியூஎல் சேர்வர் திணறுகிறதா? சிபியு ஏறினால் பார்க்க வேண்டிய வரிசை

காலபோக அறுவடை முடிந்து கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் நெல் லொறிகள் வரிசை கட்டும்போதுதான் இந்தப் பிரச்சினை தலைகாட்டும். நெல் பில் விவரங்களைச் சேமித்துத் தேடித் தரும் தரவுத்தள மென்பொருள்தான் மைஎஸ்கியூஎல். அது திணறினால் தராசடியில் பில் வர அரை நிமிடம், வெளியே ஹோர்ன் சத்தம். இங்கே சொல்வது உபுண்டு, மைஎஸ்கியூஎல் 8 சேர்வருக்கு. டெர்மினல் திறக்கத் தெரிந்தால் போதும்.

ரீஸ்டார்ட் பண்ணாதீர்கள். கொஞ்ச நேரம் ஆறுதல் கிடைக்கும், தடயம் அழிந்துவிடும்.

படி 1: 'டாப்' கட்டளை. மைஎஸ்கியூஎல் 390% என்று காட்டினால் மிரள வேண்டாம், சிபியுவின் ஒரு கோருக்கு 100 கணக்கு. மேல் வரியில் 'யுஎஸ்' (புரோகிராம்கள் தின்னும் நேரம்) அதிகமென்றால் பெரும்பாலும் குவெரியில், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியில், பிழை, தொடருங்கள். 'டபிள்யூஏ' (டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம்) அதிகமென்றால் டிஸ்க்கைப் பாருங்கள்.

படி 2: மைஎஸ்கியூஎல்லுக்குள் நுழைந்து 'ஷோ ஃபுல் பிராசஸ்லிஸ்ட்'. இப்போது ஓடும் குவெரிகளைக் காட்டும். 'ஃபுல்' விட்டால் குவெரியின் முதல் 100 எழுத்துதான் தெரியும். 'ஸ்லீப்' வரிகள் சும்மா இருக்கும் இணைப்புகள், விடுங்கள். ஒரே குவெரி பத்துத் தடவை நின்றால் அதுதான் ஆள்.

படி 3: அந்தக் குவெரிக்கு முன்னால் 'எக்ஸ்ப்ளெயின்' போடுங்கள். 'டைப்' பத்தியில் 'ஆல்' என்று வந்தால் முழு அட்டவணையையும் மேய்கிறது.

எல்லோரும் இடறுவது இங்கேதான். விவசாயியின் அடையாள அட்டை (ஐசி) நம்பருக்கு இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அடுக்கிய பட்டியல்) இருக்கும், 'பொசிபிள் கீஸ்' பத்தியிலும் அதன் பெயர் வரும், ஆனால் 'கீ' பத்தியில் 'நல்', அதாவது எந்த இன்டெக்ஸும் பயன்படவில்லை. பழைய அடையாள அட்டையில் 9 இலக்கத்தோடு 'வி' அல்லது 'எக்ஸ்' எழுத்து உண்டு. அதனால் அட்டவணையில் அந்த நம்பர் பத்தி வார்ச்சார் (எழுத்து) வகை. 2016இல் வந்த புதிய அட்டையில் 12 இலக்கம் மட்டும், எழுத்து இல்லை. புரோகிராம் எழுதியவர் மேற்கோள் குறி போடாமல் வெறும் எண்ணாக அனுப்பிவிடுவார். விடை சரியாகவே வரும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் '5', '05', '5வி' மூன்றும் எண்ணாக மாற்றினால் 5தான். எழுத்து வரிசையில் அடுக்கிய இன்டெக்ஸில் அவை வெவ்வேறு இடத்தில் கிடக்கும். ஆகவே மைஎஸ்கியூஎல் இன்டெக்ஸை ஒதுக்கிவிட்டு ஒவ்வொரு வரியையும் எண்ணாக்கிப் பார்க்கிறது. 'எக்ஸ்ப்ளெயின்' முடிந்த கையோடு 'ஷோ வார்னிங்ஸ்' அடித்தால் வகை மாற்றத்தைப் பற்றி அதுவே சொல்லும். நம்பரை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். பிரிப்பெயர்ட் ஸ்டேட்மென்ட் (மதிப்பைப் பிறகு நிரப்பும் குவெரி) என்றால் நம்பரை ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்தாக, கட்டுங்கள்.

திகதியிலும் இதே கதை. பத்தியை 'டேட்' ஃபங்ஷனுக்குள் போட்டால் சாதாரண இன்டெக்ஸ் உதவாது. 'இன்று 0 மணியிலிருந்து, நாளை 0 மணிக்கு முன்' என்று எல்லை கொடுங்கள். புது இன்டெக்ஸ் போடுவதென்றால் தராசு மூடிய பிறகு, இரவில்.

படி 4: ஸ்லோ குவெரி லொக், அதாவது மெதுவான குவெரிகளைக் குறித்து வைக்கும் பதிவு. 'லோங் குவெரி டைம்' இயல்பாக 10 விநாடி, 1 ஆக்குங்கள். 'செட் குளோபல்' மூலம் மாற்றினால் புதிய இணைப்புகளுக்கு மட்டுமே செல்லும். லொக் வெறுமையாகக் கிடந்தால் புரோகிராமை மூடித் திறவுங்கள். லொக்கை வாசிக்க 'மைஎஸ்கியூஎல்டம்ப்ஸ்லோ' கட்டளை போதும், படம் காட்டும் பெரிய கருவிகள் இந்த அளவுக்குத் தேவையில்லை.

பிற்சேர்க்கை: காலையில் சரி, மதியம் மட்டும் திணறல் என்றால் 'சென்சர்ஸ்' கட்டளையில் வெப்பத்தைப் பாருங்கள். தகரக் கூரை அறையில் உமித்தூசி ஹீட்சிங்கை (சிபியுவின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) அடைத்தால் சிபியு தானே வேகத்தைக் குறைக்கும். அதே வேலைக்கு அதிக நேரம் பிடிக்கும், சதவீதமும் ஏறும். அதற்கு மருந்து புளோவர்தான். ஊதும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.