மோட்டார் மாட்டிய சைக்கிளில் போடிமெட்டு ஏற

போடித் தெருவுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "அண்ணே, இதுலயே மெட்டுக்குப் போயிடலாம்ல?" என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு கணக்குச் சொல்வேன். என் சைக்கிளின் பின்சக்கரத்தில் 250 வாட் மோட்டார். பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர். பெருக்கினால் 360 வாட்-அவர், பேட்டரியில் இருக்கும் மொத்த மின்சாரமே அவ்வளவுதான். அடிவாரத்துப் போடிக்கும் மலைமேல் இருக்கும் மெட்டுக்கும் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயர வித்தியாசம். ஆளும் சைக்கிளுமாக 100 கிலோவை அங்கே தூக்கவே 270 வாட்-அவர் போய்விடும். மோட்டார் சூடாகி வீணாவதும் ரோடு தின்பதும் தனி.

மிதிக்காமல் போனால் வழியில் நிற்கும். எனக்குப் புலியூத்து தாண்டி நின்றது. மிச்சத்தைத் தள்ளியே ஏறி, மெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பூப்பாறையில் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால் மலையடிவாரத்து முந்தல் செக்போஸ்ட் வரை மோட்டாரைத் தொடாதீர்கள், மிதியுங்கள். ஏற்றம் தொடங்கும் முன்பே பின்னால் பெரிய பல்சக்கரத்துக்குச் செயினை மாற்றிவிடுங்கள். ஏற்றத்தில் முக்கி மிதிக்கும்போது கியர் மாற்றினால் செயின் அறும்.

சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டாருக்கு வேகம் குறையக் குறைய ஆபத்து. கரண்ட்டை இழுக்கும், ஆனால் சுற்றாமல் சூடாக்கிக்கொள்ளும். நல்லபடியாக ஓடும்போது 'விர்ர்' என்று இருக்கும் சத்தம் 'உர்ர்' என்று இறங்கினால் நீங்கள் கூட்டி மிதிக்க வேண்டும் என்று அர்த்தம். அப்படியும் முடியாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள், வெட்கம் வேண்டாம். நின்று மோட்டார் மேல் கையை வையுங்கள். மூன்று எண்ணுவதற்குள் கையை எடுக்கத் தோன்றினால் ஆறவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

வழியில் 17 கொண்டை ஊசி வளைவுகள். இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள்ஓரம்தான் செங்குத்து. பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு கொஞ்சம் வெளியே தள்ளிப் போனால் ஏற்றம் குறையும். பஸ் திரும்பும்போது மட்டும் உள்ளே நுழையாதீர்கள். அதன் பின்சக்கரம் சுவரை ஒட்டி அரைத்துக்கொண்டு வரும். மலைரோட்டில் ஏறும் வண்டிக்குத்தான் வழி என்பது சட்டம். சாயங்காலம் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு பறந்து இறங்கும் ஜீப்பிடம் அதைப் பேசிக்கொண்டிருக்க முடியாது, ஒதுங்கிவிடுங்கள்.

சட்டம் என்றதும் இன்னொன்று: 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உள்ளே இருந்தால்தான் லைசென்ஸ், நம்பர் பிளேட் தொல்லை இல்லை. 'மலைக்கு இது பத்தாது' என்று பெரிய மோட்டார் மாட்டினால் அது மோட்டார் வண்டி.

என்னைக் கேட்டால் ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் பயப்பட வேண்டும். என்னுடையது போன்ற சின்ன மோட்டார், இறக்கத்தில் சும்மா உருளும், பிடித்து நிறுத்தாது. எல்லாம் பிரேக் கட்டையின் தலையில்தான். ஒருமுறை விடாமல் பிரேக் பிடித்து இறங்கி, நடுவில் நிறுத்தி ரிம்மில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். 'சுர்ர்' என்று ஆவியாகிப் போனது. இன்னும் கொஞ்ச தூரம் அப்படியே பிரேக் பிடித்து இறங்கியிருந்தால் டியூப் வெடித்திருக்கும். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் கொன்றுவிட்டு, அப்புறம் விட்டுவிடுங்கள். ரிம்முக்குக் காற்றுப் பட வேண்டும். நான் ஐந்தாறு வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி ரிம்மைத் தொட்டுப் பார்ப்பேன். மழை நாளில் இறங்குவதே இல்லை. சைக்கிளை மெட்டு டீக்கடையில் போட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவேன். மறுநாள் போய் எடுக்கும்போது கடைக்காரரே பேட்டரியைச் சார்ஜ் போட்டு வைத்திருப்பார். அதற்குத் தனியாகக் காசு வாங்க மாட்டார், ஒரு டீயும் பருப்பு வடையும் சாப்பிட்டால் போதும்.