தமிழில் வரும் இணையச் சூதாட்ட வழிகாட்டிகளைத் தென்னாப்பிரிக்காவில் எடைபோடும் முறை

ஒரு வழிகாட்டித் தளம் தமிழில் இருக்கிறது என்பதற்காக, அது டர்பனிலோ பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலோ வாழும் தமிழருக்காக எழுதப்பட்டது என்று கொள்ள முடியாது. இணையத்தில் கிடைக்கும் தமிழ்ச் சூதாட்ட வழிகாட்டிகள் பலவும் இந்திய வாசகரை எண்ணி எழுதப்பட்டவை. அவை ரூபாயில் கணக்குச் சொல்லும்; யூபிஐ வழியாகப் பணம் கட்டும் முறையை விளக்கும்; சட்டத்தைப் பற்றிப் பேசினாலும் இந்தியச் சட்டத்தையே பேசும். ஆகவே தளத்தைத் திறந்ததும், ரேண்டையும் தென்னாப்பிரிக்கச் சட்டத்தையும் அறிந்தவர்கள் எழுதியதா என்று முதலில் பாருங்கள்.

2004ஆம் ஆண்டின் தேசியச் சூதாட்டச் சட்டப்படி, உரிமம் பெறாத இணையக் கேசினோவை நடத்துவதும் அதில் ஆடுவதும் குற்றம். அத்தகைய கேசினோக்களுக்கு உரிமம் தர வழிசெய்த 2008ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் நிறைவேறியபோதும் நடைமுறைக்கு வரவில்லை. மாகாணச் சூதாட்ட வாரியங்களிடம் உரிமம் பெற்ற பந்தய நிறுவனங்கள் மட்டும் விளையாட்டுப் பந்தயங்களை இணையத்தில் ஏற்கலாம். சுவாசிலாந்திலிருந்து (இன்றைய எஸ்வாட்டினி) இயங்கிய கேசினோ ஒன்றின் வழக்கில், ஆடுபவர் தென்னாப்பிரிக்காவில் இருந்தால் சூதாட்டமும் இங்கேயே நடக்கிறது என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. எனவே கரீபியத் தீவான குராசோவின் உரிமம் இருப்பதால் கவலையில்லை என்று எழுதும் வழிகாட்டியை அந்த வரியிலேயே மூடிவிடலாம். சட்டவிரோத ஆட்டத்தில் வென்ற பணம் நீதிமன்ற ஆணையின்பேரில் அரசுடைமையாகலாம் என்பதை நல்ல வழிகாட்டி மறைக்காமல் சொல்லும்.

உரிமத்தைச் சரிபார்க்கும்போது, வழிகாட்டி தரும் இணைப்பைத் தொடாமல், உரிமம் அளித்ததாகக் கூறப்படும் மாகாண வாரியத்தின் முகவரியை நீங்களே தட்டச்சுச் செய்து, அங்குள்ள பட்டியலில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள்.

அடுத்து மொழி. முகப்பும் வரவேற்புச் சலுகையும் அழகிய தமிழில் இருக்க, நிபந்தனைகள் என்ற இடத்தைத் தொட்டதும் பக்கம் ஆங்கிலத்துக்கு மாறுமானால், அந்தத் தளம் உங்களை அழைப்பதற்கு மட்டுமே தமிழைப் பயன்படுத்துகிறது என்று பொருள். மொழிப் பிழைகளைவிட இதையே நான் பெரிய குறையாகக் கருதுகிறேன். பணம் எடுக்கும் விதி, போனஸ் விதி, அடையாளச் சான்று கேட்கும் விதி ஆகிய மூன்றும் தமிழில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், ஆங்கிலப் பக்கத்தில் உள்ள எண்களோடு அவற்றை ஒப்பிடுங்கள். ஆங்கிலப் பக்கம் புதுப்பிக்கப்பட்டுத் தமிழ்ப் பக்கம் பழையபடியே கிடப்பது உண்டு. முதியவர்கள் இந்த ஒப்பீட்டைச் செய்யும்போது, ஆங்கிலம் நன்கறிந்த பேரப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

எண்களின் கனத்தை ஒரு கணக்கு காட்டும். 100 ரேண்ட் போனஸை எடுப்பதற்கு முன் அதை 30 மடங்கு பந்தயமாகக் கட்ட வேண்டும் என்று விதி சொன்னால், நீங்கள் மொத்தம் 3,000 ரேண்ட் கட்டியாக வேண்டும். கட்டியதில் சராசரியாக 96 விழுக்காட்டைத் திருப்பித் தரும் ஆட்டமானால், அதில் எதிர்பார்க்கக்கூடிய இழப்பு 120 ரேண்ட், அதாவது போனஸைவிடக் கூடுதல். அந்த 30 மடங்கு, போனஸைப் பெற நீங்கள் கணக்கில் போட்ட 100 ரேண்டுக்கும் சேர்த்து என்றால், கட்ட வேண்டியது 6,000, இழப்பு 240. இந்தக் கணக்கைத் தமிழில் விளக்காமல் ‘இலவசம்’ என்று மட்டும் கூறும் வழிகாட்டி எழுதியிருப்பது விளம்பரம்.

அதற்குக் காரணமும் உண்டு. இத்தளங்கள் பலவும், தாங்கள் அனுப்பிவைக்கும் ஒவ்வொரு புதிய ஆட்டக்காரருக்கும் கமிஷன் பெறுகின்றன. சிலவற்றுக்கு அவர் இழக்கும் பணத்திலேயே பங்கு கிடைக்கிறது. இதை வெளிப்படையாகச் சொல்லி, ஒரு நிறுவனத்தையாவது தவிர்க்கச் சொல்லியிருந்தால் ஓரளவு நம்பலாம்.

தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, மதித்துப் பேண வேண்டிய சமூக மொழிகளுள் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் தமிழ் ஆட்சிமொழி அல்ல. ஆகவே தமிழ் மட்டுமே படிக்கும் ஒருவருக்குப் பாதுகாப்புச் செய்தி அந்த வழிகாட்டியின் மூலமாகவே போய்ச்சேர வேண்டியிருக்கலாம். ஆட விரும்பாதவர், சூதாட்டத்திலிருந்து விலக்கப்பட்டோர் பதிவேட்டில் தம்மைத் தாமே பதிவு செய்துகொள்ளலாம் என்பதையும், குடும்பத்தார் நீதிமன்றத்தை அணுகி ஒருவரை அப்பதிவேட்டில் சேர்க்கக் கோரலாம் என்பதையும் 2004ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. இவ்விரண்டும், சூதாட்டச் சிக்கலில் உள்ளவர்களுக்கான 0800 006 008 என்ற இலவச உதவி எண்ணும் தமிழ்ப் பக்கத்தில் இல்லையென்றால், மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைசியாக, பணம் எதுவும் கட்டுவதற்கு முன், பணம் எடுக்கும் விதியைப் பற்றித் தமிழில் ஒரு கேள்வி எழுதி அனுப்புங்கள். கேட்டதற்கு நேரான பதில் தமிழில் வந்தால் மேலே படியுங்கள். பதிலுக்குப் பதிவுசெய்யும் இணைப்பு வந்தால் அந்தத் தளத்தை விட்டுவிடுங்கள்.