பழைய காருக்குக் கூலண்ட்: முதலில் மூடியைப் பாருங்கள்

தைப்பூசத்துக்கு முந்தைய இரவு. செந்தூலைத் தாண்டி ஈப்போ சாலையில் கார்கள் அசையவில்லை. பத்துமலைக்கு நடந்து போகிறவர்கள் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். என் 1996-ஆம் ஆண்டுக் காரின் வெப்பமுள் மெல்ல ஏறிச் சிவப்பைத் தொட்டது. இரண்டு வாரத்துக்கு முன்புதான் விலை கூடிய கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீரோடு கலக்கும் திரவம், வாங்கி ஊற்றியிருந்தேன்! கோளாறு கூலண்டில் இல்லை. எஞ்சினின் சூடான நீரை ஆற்றும் ரேடியேட்டரின் மூடியில் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. புது மூடிக்கு ஆன செலவு ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் காசு.

நம் மலேசியக் கார்களான பழைய வீராவையோ கஞ்சிலையோ இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. வெறும் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்தால் ஏறக்குறைய 107. ஆனால் 0.9 என்று அழுத்த எண் பொறித்த மூடி ஒழுங்காக அழுத்தத்தைப் பிடித்து வைத்தாலே வெறும் தண்ணீரின் கொதிநிலை 118-ஐ ஒட்டி வந்துவிடும். கூலண்ட் தருவது 7 பாகை, மூடி தருவது 18 பாகை. மூடியை மாற்றும்போது பழையதில் இருந்த அதே எண்ணையே வாங்குங்கள். பெரிய எண் நல்லது என்று நினைத்துப் போட்டால் பழைய ரப்பர் குழாய்கள்தான் முதலில் வெடிக்கும்.

அப்படியானால் கூலண்ட் எதற்கு? துருவைத் தடுக்க. வெப்பத்தைச் சுமப்பதில் கூலண்டில் உள்ள கிளைகாலைவிடத் தண்ணீரே கெட்டி. நம் ஊரில் உறைபனிப் பயமும் இல்லை; ஆகவே பாதிக்கு மேல் கூலண்ட் ஊற்றுவதில் பயனில்லை. அதற்காகக் குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றி ஓட்டினால் உள்ளே துருவும் உப்பும் படிந்து, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அடைத்துக்கொள்ளும். என் அப்பா இருபது வருடம் குழாய்த் தண்ணீரில்தான் ஓட்டினார். மூன்று ரேடியேட்டர் மாற்றியதை மட்டும் வெளியில் சொல்லமாட்டார்.

அடுத்து, சூடு எப்போது ஏறுகிறது என்று கவனியுங்கள். நெரிசலில் ஏறி, வேகம் பிடித்ததும் இறங்கினால் மின்விசிறியைச் சந்தேகியுங்கள். காரை நிறுத்தி ஏர்கான் போட்டதும் முன்னால் விசிறி சுழல வேண்டும். காராக் மலைச்சாலை மேட்டில் ஏறும்போது சூடானால் ரேடியேட்டர் அடைப்போ, வாட்டர் பம்போ, எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்கு நீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டோ காரணமாக இருக்கும். சில பட்டறைகளில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, “வெயில் நாட்டுக்கு இது தேவையில்லை, தம்பி” என்பார்கள். நம்பாதீர்கள். எஞ்சின் தன் சூட்டுக்கு வராமலே ஓடும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். எஞ்சின் எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால், எஞ்சினின் மேல்பாகத்துக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு போயிருக்கலாம். அதற்குமேல் வீட்டில் கைவைக்க வேண்டாம்.

கடையில் நிறத்தைப் பார்த்து வாங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் தயாரிப்பவர் விருப்பப்படி சேர்க்கும் சாயம். புட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். பழைய வகைக் கூலண்டை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கரிம அமிலத்தால் துருவைத் தடுக்கும் புதிய வகை ஐந்து ஆண்டு வரை தாங்கும். செம்பு, பித்தளை ரேடியேட்டர் உள்ள காருக்குப் பழைய வகையே பொருந்தும். இரண்டு வகையையும் கலந்தால் துருத்தடுப்பு கெடும், சில சமயம் கூழாகவும் திரளும். உள்ளே இருப்பது எது என்று தெரியாவிட்டால் முழுவதையும் வடித்துவிடுங்கள்.

வடிக்கும் வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். ரேடியேட்டரின் அடித்திருகைத் தளர்த்தி வடியுங்கள். பிறகு தண்ணீர் ஊற்றி எஞ்சினைச் சிறிது நேரம் ஓட விட்டு, ஆறியபின் வடியுங்கள். தெளிவாக வரும் வரை இதையே திரும்பச் செய்யுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். கழுவிய தண்ணீரில் கொஞ்சம் எஞ்சினுக்குள்ளேயே தங்கிவிடும். அதன்மேல், முன்கூட்டியே தண்ணீர் கலந்து விற்கும் கூலண்டை ஊற்றினால் நீர்த்துப்போகும். அதனால் கலக்காத கூலண்டை வாங்கி, கையேட்டில் சொன்ன மொத்தக் கொள்ளளவில் பாதியை முதலில் ஊற்றுங்கள். மீதியைக் காய்ச்சி வடித்த நீரால் நிரப்புங்கள். அந்த நீர் பேட்டரிக்கென்றும் விற்கிறது. பக்கத்திலேயே இருக்கும் அமிலப் புட்டியை எடுத்துவிடாதீர்கள்.

பிறகு மூடியைத் திறந்து வைத்தபடியே எஞ்சினை ஓட விடுங்கள். குமிழி வரும், மட்டம் திடீரென்று இறங்கும். தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அதற்குப் பொருள். அப்போது மட்டத்தை நிரப்புங்கள். விசிறி இரண்டு தடவை ஓடி ஓய்ந்ததும் மூடிவிடலாம். மறுநாள் காலை சேமிப்புப் புட்டியில் இரண்டு கோடுகளுக்கு நடுவே மட்டம் நிற்கிறதா என்று பாருங்கள்.

வழியில் வெப்பமுள் ஏறினால் ஹீட்டரைப் போடச் சொல்வார்கள். நம் உள்ளூர்ப் பழைய கார்கள் பலவற்றில் ஹீட்டரே கிடையாது! ஏர்கானை அணைத்து, ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்துங்கள். அரைமணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள்.

வடித்த பழைய கூலண்டைச் சாக்கடையில் ஊற்றாமல் புட்டியில் அடைத்துப் பட்டறையில் கொடுங்கள். அது இனிக்கும், ஆனால் நஞ்சு. நான் வடிக்கும்போதெல்லாம் எங்கள் சந்துப் பூனை வந்து உட்கார்ந்துகொள்கிறது; அதை வீட்டுக்குள் விட்டுப் பூட்டிய பிறகுதான் திருகில் கைவைக்கிறேன்.