நெய்தல் திரிந்த பாலை: வற்றிய கடலைக் கற்பனை செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் வெந்து தம் இயல்பு திரியும்போது பாலை பிறக்கிறது என்பது நம் இலக்கிய மரபு. நெய்தல் திரிந்து பாலையாவதற்கு அந்த நிலக் கணக்கில் இடமே இல்லை. ஆனால் இன்று மிகைபுனைவு எழுதுவோர் பலர் விரும்பித் தேர்ந்தெடுக்கும் நிலம் அதுதான்: ஒரு காலத்தில் கடலாக இருந்து, சாபத்தாலோ மந்திரத்தாலோ ஏதோ ஓர் அரசனின் பேராசையாலோ வற்றிப் பாழாய்க் கிடக்கும் பெருவெளி. கற்பனைக்கு இதைவிட வளமான களம் குறைவு. அதனாலேயே அது அரைகுறையாக எழுதப்படும்போது வருத்தமாக இருக்கிறது. வழக்கமான மணல் பாலைவனம் ஒன்றை வரைந்து, நடுவில் உடைந்த கப்பலை நட்டுவைத்துவிட்டால் அது வற்றிய கடலாகிவிடாது. தண்ணீர் போன பின்பும் அந்தக் கடல் விட்டுச் சென்ற உப்பும் சேறும் பள்ளமும் அன்றாடம் வேலை செய்துகொண்டே இருக்கும். அந்த வேலையை மறந்துவிடுவதுதான் மற்றப் பிழைகளுக்கெல்லாம் வேர்.

முதலில் மணலைப் பார்ப்போம். கடல் வற்றினால் அடியில் மணல்தான் இருக்கும் என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். நாம் கால் நனைக்கும் கரையோரம் மணலாக இருப்பதால் வரும் எண்ணம் இது. கரையை விட்டு உள்ளே போகப் போக மணல் குறைந்து, ஆறுகள் கொண்டுவந்த நுண்ணிய களிமண்ணும் சேறும்தான் படிந்திருக்கும். கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் இடையே அரால் கடல் வற்றிய இடத்துக்கு ‘அராலின் மணல்’ என்ற பொருளில் அரால்கும் என்று பெயர் வந்துவிட்டது. என்றாலும் அங்கே முதலில் வெளிப்பட்ட ஆழமற்ற கரையோரப் பகுதிகளே பெரிதும் மணலானவை. பிறகு வெளிப்பட்ட உட்பகுதிகள் உப்புப் பூத்த சேற்று வெளிகள். ஆகவே உங்கள் பயணி பழைய கரையிலிருந்து நடுக்கடல் நோக்கி நடந்தால், அவன் காலடியில் நிலம் மாறிக்கொண்டே போக வேண்டும்: முதலில் சிப்பி கலந்த மணல், பிறகு பாளம் பாளமாக வெடித்த களிமண், அதன் பிறகு வெள்ளைப் பொருக்கு. அந்தப் பொருக்கை நம்பித் தேர் ஓட்டிவிட முடியாது. தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களில் கால் வைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மேலே வெண்மையாக, உறுதியாகத் தோன்றும் பரப்பு ஓரிடத்தில் ‘நறுக்’கென்று உடைந்து, கணுக்கால் வரை கருஞ்சேறு ஏறி, உப்பின் கூர்முனை தோலைக் கீறி, அந்தக் கீறலில் உப்புநீர் பட்டு எரியும். ஒரு பாத்தியில் நடப்பது இதுவென்றால், நூறு காதம் விரிந்த வெளியில் படைகளுக்கும் வண்டிகளுக்கும் என்ன நேரும் என்பதை எழுதுபவர்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உப்பைப் பற்றிய பிழைகள் இன்னும் நுட்பமானவை. உப்பு எல்லாம் ஒன்றாக, ஒரே வேளையில் படிவதில்லை. கடல்நீர் சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்பு படியும். நீர் பெருமளவு குறைந்த பிறகு ஜிப்சம் படியும். ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே எஞ்சும்போதுதான் நாம் உண்ணும் உப்பு படியத் தொடங்கும். கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியமும் பொட்டாசியமும் கலந்த உப்புகள் தங்கும். அதனால் கடல் கடைசியாகச் சுருங்கி நின்ற ஆழமான நடுவிடம்தான் கசப்பு உப்புகளின் இடம். அதைச் சுற்றி உண்ணும் உப்பு, அதற்கும் வெளியே ஜிப்சம் என்று நிலம் வளையம் வளையமாக அமையலாம். இந்த வளையங்களை மூன்று குலங்களின் எல்லைகளாகவோ, ஒரு வழிகாட்டி நாக்கில் வைத்துப் பார்த்தே தான் நிற்கும் இடத்தைச் சொல்லும் கலையாகவோ மாற்றலாம். மந்திரக்கோலை விட அந்த நாக்கு என்னை அதிகம் வியக்க வைக்கும்.

எவ்வளவு உப்பு என்பதிலும் கணக்கு வேண்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புதான் உண்டு. ஒரு கிலோமீட்டர் ஆழமுள்ள நீர் முழுதும் ஆவியானாலும் அடியில் தங்குவது ஏறத்தாழ 16 மீட்டர் உப்பு. ஆகவே ஒரே சாபத்தில் ஒரே முறை வற்றிய கடலின் அடியில் உப்பு மலைத்தொடர் எழ முடியாது. இதை மீறித் தோன்றும் ஓர் உண்மை மத்திய தரைக்கடலில் இருக்கிறது. சுமார் 59.7 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 53.3 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வரை அந்தக் கடலுக்கு அட்லாண்டிக் பெருங்கடலுடன் இருந்த தொடர்பு குறுகியும் அறுந்தும் போனது. 1970இல் குளோமர் சேலஞ்சர் என்ற துளையிடும் கப்பல் அதன் அடித்தரையிலிருந்து ஜிப்சமும் உப்பும் எடுத்து வந்தது. சில இடங்களில் அந்த உப்புப் படுகை ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தடிமன் கொண்டது. ஒரு முறை வற்றியதால் அவ்வளவு உப்பு சேர்ந்திருக்க வழியில்லை. கடல்நீர் திரும்பத் திரும்ப உள்ளே வந்து சுண்டியிருந்தால்தான் அது கூடும். உங்கள் உலகில் உப்பு மலைகள் வேண்டுமென்றால் அந்தக் கடலுக்கு நீண்ட முன்கதை வேண்டும். அது பல முறை வந்து, பல முறை போயிருக்க வேண்டும்.

பள்ளத்தை மறப்பது அடுத்த பெரும் பிழை. கடல் வற்றினால் கிடைப்பது சமவெளி மட்டுமல்ல, ஆழமான குழியும்கூட. பழைய கரையை அடுத்து மெல்லச் சாயும் திட்டு, அதன் விளிம்பில் சட்டென்று இறங்கும் சரிவு, அதைக் கிழித்துச் செல்லும் பள்ளத்தாக்குகள், கடைசியில் தட்டையான அடித்தரை என்று அது படிப்படியாக இறங்கும். முன்பு தீவுகளாக இருந்தவை இப்போது மலைகள். துறைமுக நகரங்கள் இப்போது மேட்டு விளிம்பில் தொங்கும் ஊர்கள். ஆறுகளும் சும்மா இருப்பதில்லை. மத்திய தரைக்கடலின் நீர்மட்டம் இறங்கியபோது நைல் ஆறு அந்தத் தாழ்வை எட்டுவதற்காகத் தன் படுகையை ஆழமாக அறுத்தது. அந்தப் பழைய பள்ளத்தாக்கு இன்று எகிப்தின் மண்ணுக்கடியில் வண்டல் நிரம்பிப் புதைந்து கிடக்கிறது. காற்று கீழே இறங்கினால் வெப்பமும் ஏறும். வறண்ட காற்று ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 10 பாகை (டிகிரி செல்சியஸ்) கூடும். மூன்று கிலோமீட்டர் ஆழமுள்ள குழியின் அடியில், விளிம்பில் நிற்பவனை விட 30 பாகை அதிக வெப்பத்தை உணர்வான் உங்கள் வீரன். எத்தியோப்பியாவின் தனாகில் தாழ்நிலம் ஒரு காலத்தில் செங்கடலின் நீர் புகுந்திருந்த இடம். கடல் மட்டத்துக்கு நூறு மீட்டருக்கும் கீழே கிடக்கும் அதன் டலோல் பகுதியில் 1960 முதல் 1966 வரை பதிவான ஆண்டுச் சராசரி வெப்பம் 34 பாகைக்கு மேல். இரவும் பகலும் குளிரும் மழையும் சேர்ந்த சராசரி அது என்பதை நினைத்தால் அங்கே பகல் எப்படியிருக்கும் என்று விளங்கும்.

கடல் வற்றிய பின்னும் கரையோரக் காடுகளையும் வயல்களையும் பழையபடியே பச்சையாக விட்டுவிடுவது இன்னொரு பிழை. கடல் தன்னைச் சுற்றியுள்ள நாட்டின் வெயிலையும் குளிரையும் தணித்துக்கொண்டிருந்தது. அரால் 1960இல் சுமார் 68,000 சதுர கிலோமீட்டர் பரப்புடன் உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது. அமு தரியா, சிர் தரியா ஆகிய இரு ஆறுகளின் நீரையும் பருத்தி வயல்களுக்குத் திருப்பியதால் அது சுருங்கியபோது, அந்தச் சுற்றுவட்டாரத்தில் கோடை மேலும் கொளுத்தியது, குளிர்காலம் மேலும் கடுமையானது. அதைவிடக் கொடியது புழுதி. வயல்களில் தெளித்த பூச்சிக்கொல்லியும் உரமும் ஆற்றோடு வந்து கடலடியில் தங்கியிருந்தன. நீர் போனதும் அவை உப்போடு சேர்ந்து காற்றில் எழுந்தன. விண்வெளியிலிருந்து எடுத்த படங்களில் தெரியுமளவு நீண்ட வெண்புழுதிப் பட்டைகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய், அராலின் தென்கரையை ஒட்டி வாழும் கரகல்பாக்கிய மக்களின் மூச்சிலும் மண்ணிலும் இறங்கின. எனவே வற்றிய கடலின் எல்லை நிலப்படத்தில் போட்ட கோட்டோடு முடிவதில்லை. அண்டை நாட்டு உழவன் விடியலில் கதவைத் திறந்து, வாசலில் படிந்திருக்கும் வெள்ளைப் பொடியைத் தொட்டு நாக்கில் வைக்கும் காட்சி ஒன்று போதும், அந்த நிலத்தின் அச்சத்தைச் சொல்லிவிட. அந்தக் கடலடியில் மந்திரப் போரின் நஞ்சு தங்கியிருந்தால் அதுவும் அதே காற்றில்தான் வரும்.

உயிரே இல்லாத வெளியாக அதை எழுத வேண்டியதில்லை. உப்பைத் தாங்கும் செடிகள் எங்கும் உண்டு. நம் கடலோரத்து உமரி அந்தக் குணமுடையது. அரால்குமில் சாக்சவுல் என்னும் குறுமரத்தைப் பல்லாயிரம் ஏக்கரில் நட்டுப் புழுதியை அடக்கப் பார்க்கிறார்கள். குடிநீருக்கு எந்த இடத்திலும் கிணறு தோண்டினால் போதும் என்று எழுதுவதுதான் ஏற்க முடியாதது. கீழே இருப்பது உப்புநீர். நல்ல தண்ணீர் கிடைக்கக்கூடிய இடம் மணல்மேடு. மணலில் இறங்கிய மழைநீர், கனமான உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கும். நம் கடற்கரை ஊர்களில் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் கோதி எடுப்பது அந்த நீரைத்தான். ஆழமாகத் தோண்டினால் உப்பு கலந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். உங்கள் பாலைவன மக்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

பொருளாதாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உப்பு விளையும் இடத்தில் உப்புக்கு விலை இல்லை. தூரம்தான் அதற்கு விலை தருகிறது. தனாகிலில் அஃபார் மக்கள் உப்புப் பொருக்கைப் பாளங்களாக வெட்ட, அவை ஒட்டக வரிசைகளில் மேட்டுநிலத்துக்கு ஏறின; அமோலே எனப்பட்ட அந்த உப்புக் கட்டிகள் எத்தியோப்பியாவில் நெடுங்காலம் காசாகவே புழங்கின.

காலக் கணக்கில் வரும் குழப்பத்தையும் குறிப்பிட வேண்டும். ஒரே பக்கத்தில் துருப்பிடித்த மீன்பிடிக் கப்பலையும் கல்லாகிப்போன திமிங்கில எலும்பையும் அருகருகே வைத்து இரண்டும் ஒரே கடலின் சாவில் சிக்கியவை என்று எழுதிவிடுகிறார்கள். எகிப்தின் ஃபாயூம் பக்கம் உள்ள வாடி அல்-ஹிதானில் கிடக்கும் திமிங்கில எலும்புகள் மூன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. கப்பலுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. அராலின் மொய்னாக் துறையில் நின்ற கப்பல்களிலேயே பல, இரும்புக்காக வெட்டி எடுக்கப்பட்டுவிட்டன. இரும்பு அரிதான பாழ்நிலத்தில் யாரும் தொடாமல் ஒரு கப்பல் நிற்கிறதென்றால், ஏன் தொடவில்லை என்பதற்குக் கதையில் காரணம் இருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் பிழை மனிதர்களைப் பற்றியது. வற்றிய கடலின் மக்களைப் பிறவிப் பாலைவாசிகளாக, முகம் மறைத்த கொள்ளையராக மட்டும் காட்டிவிடுவது அது. அவர்கள் நெய்தல் நிலத்தவர்; கடல் அவர்களை விட்டுப் போனது, அவர்கள் கடலை விட்டுப் போகவில்லை. மொய்னாக்கில் மீன் பதப்படுத்தும் ஆலை இருந்தது. நீர் பின்வாங்கி மீன் இல்லாமல் போன பிறகும், தொலைதூரக் கடல்களில் பிடித்த மீனைத் தொடர்வண்டியில் கொண்டுவந்து அந்த ஆலையைச் சில ஆண்டுகள் ஓட்டினார்கள். கரை நூறு கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்ட அந்த ஊரின் பெயர்ப்பலகையில் மீன் இன்னும் இருக்கிறது. மொழியும் அப்படித்தான் கடலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒரு காலத்தில் அரபிக்கடலின் கையாக இருந்த, குஜராத்தின் கட்ச் ரண் வெளியில், உப்புச் சமவெளிக்கு மேல் எழும் மேடுகளை அம்மக்கள் ‘பேட்’, அதாவது தீவு, என்றே அழைக்கிறார்கள்; ஹரப்பா காலத்து நகரமான தோலாவிரா இருப்பதும் கதீர் பேட் என்னும் அத்தகைய மேட்டில்தான். உங்கள் மக்களும் தண்ணீரைக் கண்டிராத தலைமுறையில்கூடத் துறை, முனை, திட்டு என்றே ஊர்ப்பெயர் சொல்லட்டும். பாட்டி பேரனுக்குத் திசை காட்டும்போது வாடைக்காற்றையும் கொண்டல்காற்றையும் சொல்லிக் காட்டட்டும். நெய்தலின் இரங்கலும் பாலையின் பிரிவும் ஒரே வாயிலிருந்து வருவதற்கு இதைவிடப் பொருத்தமான நிலம் நமக்குக் கிடைக்காது.

கடைசியாக, கடல் திரும்பி வரும் காட்சி. பலர் அதை ஒரே இரவில், ஒரே அலையில் முடித்துவிடுகிறார்கள். கட்ச் ரண்ணில் அது ஆண்டுதோறும் பருவமழையோடு வந்து, முழங்கால் அளவு நின்று, மாதங்களில் போய்விடுகிறது. அப்போது காட்டுக் கழுதைகள் பேட்களில் ஏறி மேய்கின்றன. அராலின் வடபகுதியைத் தென்பகுதியிலிருந்து பிரிக்கும் கோகரால் அணை 2005இல் கட்டி முடிக்கப்பட்டதும் வடக்கே நீர்மட்டம் உயர்ந்து, உப்பு குறைந்து, நன்னீர் மீன்கள் ஆற்றுவாயிலிருந்து மீண்டும் ஏரிக்குள் இறங்கின. தென்பகுதியோ தொடர்ந்து சுருங்கி, 2014இல் அதன் கிழக்குக் கிண்ணம் முற்றிலும் வறண்டு கிடந்தது. ஒரே கடலின் ஒரு பாதி பிழைத்தபோது மறுபாதிக்கு நீர் வந்து சேரவில்லை. உங்கள் கதையில் கடல் திரும்புமானால், அணையின் எந்தப் பக்கத்தில் எந்த ஊர் நிற்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.