வீடு பொது, மூக்கு ஸ்பிரே பொது இல்லை

வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டைக் கல்யாணத்துக்காகத் திறந்தால் முதலில் வருவது தும்மல்தான். காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவை, அதாவது உள்முற்றத்தை, தட்டிக் கூட்டியபோது சித்தப்பாவுக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. மெடிக்கலில் ஒரு ஸ்பிரே வாங்கி அடித்தார்; சில நிமிடங்களில் மூச்சு சீராக வந்தது. கல்யாணம் முடிந்து மூன்று வாரமாகியும் குப்பி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. "இது இல்லாமத் தூக்கம் வரலைப்பா" என்றார்.

பலரும் செய்யும் பெரிய தவறு இப்படி விடாமல் அடிப்பதுதான். அடைப்பு என்றால் சளி என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது மூக்கின் உட்சதை வீங்குவதுதான். சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் போன்ற மருந்துகள் அங்குள்ள ரத்தக்குழாய்களைச் சுருக்கி வழி விடுகின்றன. நாள்கணக்கில் அடித்தால், மருந்தின் வேகம் அடங்கியதும் சதை முன்னைவிட அதிகமாக வீங்கும். உடனே மறுபடி அடிப்போம். இப்போது அடைப்பைத் தருவதே மருந்துதான். பெட்டியில் சில சமயம் ஐந்து நாள், ஏழு நாள் என்றும் போட்டிருக்கும். நான் மூன்றோடு நிறுத்தச் சொல்வேன். பிள்ளையார் நோன்புத் திரிக்கு 21 நூல் இழையைத் தவறாமல் எண்ணும் ஊரில் மூன்று நாளை எண்ண முடியாதா?

ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்பது மருந்துக்கு மருந்து மாறும். ஆக்ஸிமெட்டாசோலின் என்றால் பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் இரண்டு தடவைதான்.

அடிக்கும் விதமும் முக்கியம். அண்ணாந்து அடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்கிக் கசக்கும். தலையைக் கொஞ்சம் குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும் அடித்தால், நடுச்சுவரில் படாமல் வெளிப்பக்கம் போகும். மெல்ல உறிஞ்சினால் போதும். வீடு பங்காளிகளுக்குப் பொதுவாக இருக்கலாம். குப்பி ஒருவருக்கு மட்டும்தான். நுனியில் ஒட்டும் கிருமி அடுத்தவர் மூக்குக்குப் போகும்.

பிரஷர், இதயக் கோளாறு, தைராய்டு, கண் அழுத்தம், புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. பெரியவர்கள் குப்பியைக் குழந்தைக்கு அடிக்கவே கூடாது. ஓரிரு மில்லி விழுங்கினாலே சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்து. பட்டாலையில் (கூடத்தில்) பேரப்பிள்ளைகள் ஓடும் வீட்டில் குப்பி அலமாரிக்குள் பூட்டியே இருக்கட்டும்.

சரி, தூசிதான் காரணம் என்றால்? கூட்டும்போது மாஸ்க், அப்புறம் உப்புநீர் ஸ்பிரே. உப்புநீரைத் தினமும் அடிக்கலாம். வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே வேறு ரகம். அது வேலை செய்யச் சில நாள் ஆகும். 'உடனே கேக்கலையே' என்று இரண்டாம் நாளே நிறுத்துவது இன்னொரு தவறு.

சித்தப்பாவை இஎன்டி டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதிக்கொடுத்து, பழையதை முதலில் ஒரு பக்கம் மட்டும் நிறுத்தச் சொன்னார். முதல் நான்கு ராத்திரி சித்தப்பா முகப்பில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினார். அடுத்த வாரம் மற்றப் பக்கத்தையும் நிறுத்திவிட்டார்.