ரோடு யாருடையது என்று பார்த்துவிட்டு மனு எழுதுங்கள்

எங்கள் முக்கில் ஒரு அரசுப் பள்ளி, அதிலிருந்து நூறு அடி தள்ளி ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்த நாள் என்றால் காலை எட்டரைக்கே ரோட்டின் இரண்டு பக்கமும் காரும் வேனும் நின்றுவிடும், நடுவில் மினி பஸ் மாட்டிக்கொண்டு ஹாரன் அடிக்கும், பிள்ளைகள் புத்தகப் பையோடு ஓடை (சாக்கடை) மூடிய ஸ்லாப்பில் ஏறுவதும் தார் ரோட்டில் இறங்குவதுமாகப் போவார்கள். ஒருநாள் யாரோ பார்க்காமல் கார் கதவைத் திறக்க, இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று விழுந்து முழங்கால் முட்டு பேர்ந்துவிட்டது. அன்று ராத்திரி மனு எழுத உட்கார்ந்தேன். ஒரு வழி பிறக்க ஒன்பது மாதம் ஆனது, அதில் நாலு மாதம் தவறான அலுவலகத்தில் போனது. உங்களுக்கு அந்த நாலு மாதம் மிச்சமாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெறுநர், அனுப்புநர் எழுதுவதெல்லாம் பள்ளியில் படித்ததுதான், அதற்குள் போகவில்லை.

முதல் படி: ரோடு யாருடையது?

நான் சறுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். நாங்கள் இருப்பது கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவில் ஒரு பேரூராட்சி. வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் அங்கேதான் கட்டுகிறோம், அதனால் ரோடும் அவர்களுடையது என்று நினைத்து செயல் அலுவலர் பெயருக்கு மனு கொடுத்தேன். பதில் வர நாலு மாதம். வந்த பதிலில் ஒரே வரி: சம்பந்தப்பட்ட சாலை நெடுஞ்சாலைத் துறைக்குப் பாத்தியப்பட்டது.

நம் மாவட்டத்தில் ஒரே ஊருக்குள் நாலு பேருடைய ரோடு ஓடும். தேசிய நெடுஞ்சாலைகள் ஒரு வகை: காவல்கிணறு பக்கமிருந்து கன்னியாகுமரிக்கு வரும் 44, கன்னியாகுமரியில் தொடங்கி நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் கேரளத்துக்குப் போகும் 66. அடுத்து மாநில நெடுஞ்சாலைத் துறை பார்த்துக்கொள்கிற சாலைகள். இதில் மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கிய சாலை, மாவட்ட இதர சாலை என்று மூன்று வகை உண்டு, சந்தைக்கும் கோவிலுக்கும் போகிற நடுத்தர ரோடுகள் பலவும் இந்தக் கணக்கில்தான் வரும். மூன்றாவது ஊராட்சி ஒன்றியச் சாலை. நாலாவது கிராம ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகியவற்றின் தெருக்கள்.

கண்டுபிடிக்க எளிய வழி கிலோமீட்டர் கல். கல்லின் தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, கறுப்போ நீலமோ என்றால் மாவட்டச் சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. எங்கள் ரோட்டில் கல் கண்ணில் படவே இல்லை. கடைசியில் ஒரு மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) கடைக்குப் பின்னால், போஸ்டர் மேல் போஸ்டராக ஒட்டி, கோவைக்கொடி படர்ந்து கிடந்தது. சாவியால் சுரண்டிப் பார்த்தால் கறுப்புப் பெயின்ட்.

கல் இல்லாத ரோட்டுக்கு இன்னொரு வழி உண்டு, அதை எனக்குச் சொன்னவர் ரோட்டோரம் புதர் வெட்டிக்கொண்டிருந்த ஒரு சாலைப் பணியாளர். "மக்ளே, இந்த ரோட்டுல புல்லு வெட்டுறது நாங்கதானே, பிறவு எப்படி இது பேரூராட்சி ரோடு ஆவும்?" என்றார். கடைசியாகத் தார் போட்டது யார், ஓரத்தில் காடு வெட்டுவது யார் என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள். முக்கால்வாசி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

ஆன்லைனில் வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான 'அ' பதிவேடும் புல வரைபடமும் எடுத்துப் பார்க்கலாம் என்பார்கள், நானும் எடுத்தேன். நிலம் புறம்போக்கு என்பதும் அதன் எல்லையும் தெரியும். யார் தார் போடுகிறார்கள் என்று அதில் தெரியாது. ஆக்கிரமிப்புப் பிரச்சினை என்றால் மட்டும் அது கட்டாயம் தேவை, மற்றபடி அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

இரண்டாம் படி: ஒரு பிரச்சினையை மூன்றாக வெட்டுங்கள்

ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் அவர்களுக்கே எழுதினேன். அதுவும் தவறு. ரோடு ஒருவருடையது, ரோட்டில் நிற்கிற வண்டி வேறொருவர் பொறுப்பு, வண்டியை ரோட்டுக்கு அனுப்புகிற கட்டடம் மூன்றாவது ஒருவர் பொறுப்பு.

தார், வெள்ளைக் கோடு, ஓடை ஸ்லாப், நடைபாதை, ரோட்டின் மேல் ஏறி நிற்கிற கடைத் தகரம் எல்லாம் சாலையின் உரிமையாளருக்கு. நெடுஞ்சாலைத் துறை என்றால் நாகர்கோவிலில் உள்ள கோட்டப் பொறியாளருக்கு எழுதி, உங்கள் பகுதி உதவிக் கோட்டப் பொறியாளருக்கு நகல் வையுங்கள். அவர்கள் எல்லைக்குள் ஆக்கிரமிப்பை எடுக்க 2001ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் அதிகாரம் கொடுக்கிறது.

நிறுத்தக்கூடாத இடத்தில் நிற்கிற வண்டி போலீஸ் வேலை. மற்றவர்களுக்கு ஆபத்தோ இடைஞ்சலோ வருகிறபடி வண்டியை விட்டுப்போவது மோட்டார் வாகனச் சட்டம் 122ஆம் பிரிவில் வரும், மனுவில் அந்த எண்ணை எழுதுங்கள். ஒரு இடத்தை நிரந்தரமாக நோ பார்க்கிங் ஆக்குவது, லாரிக்கு நேரக் கட்டுப்பாடு வைப்பது போன்றவற்றுக்கு மாவட்ட ஆட்சியர் வரை போக வேண்டும், அதே சட்டத்தின் 115 முதல் 117 வரையான பிரிவுகள் அதற்கு. கல்லும் எம் சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் பள்ளி நேரத்தில் ஓடுகிற ஊர்க்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கட்டடம் என்றால் உள்ளாட்சியும் நகர் ஊரமைப்புத் துறையும். மண்டபமோ மருத்துவமனையோ துணிக்கடையோ, வரைபட அனுமதி வாங்கும்போது வண்டி நிறுத்த இடம் காட்டியிருக்க வேண்டும், 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் அதைச் சொல்கின்றன. அனுமதிக்கு மாறாகக் கட்டியிருந்தால் 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் 56, 57 பிரிவுகளில் நோட்டீஸ் கொடுக்கவும் சீல் வைக்கவும் முடியும். என் கருத்தில் பார்க்கிங் பிரச்சினைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. போலீஸ் வந்து நிற்கிற நாள் மட்டும் ரோடு காலியாக இருக்கும். பார்க்கிங் என்று வரைபடத்தில் காட்டிய இடத்தில் சாப்பாட்டுக் கூடம் கட்டியிருந்தால் மறுநாள் வண்டி திரும்பவும் ரோட்டுக்குத்தான் வரும்.

வேகத்தடைக்கு ஒரு வார்த்தை. ராத்திரியோடு ராத்திரியாக நாலு பேர் சேர்ந்து சிமென்ட் வைத்து மேடு போடுகிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இந்தியச் சாலைக் கழகத்தின் கணக்குப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாகச் சரிந்து ஏறி இறங்க வேண்டும், முன்னால் எச்சரிக்கைப் பலகையும் வெள்ளைக் கோடும் வேண்டும். குத்துமேடு வைத்தால் மழை ராத்திரியில் பைக்கில் வருகிறவர்தான் விழுவார். ஆட்சியர் தலைமையில் கூடுகிற மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு எழுதுங்கள்.

மூன்றாம் படி: ஆதாரம்

ஒரு போட்டோ போதாது, அன்றைக்கு மட்டும் அப்படி இருந்தது என்று சொல்லிவிடுவார்கள். நான் ஆறு முகூர்த்த நாள், ஒரே இடத்தில் நின்று, காலை 8.40க்கு எடுத்தேன். ஜிபிஎஸ் மேப் கேமரா என்று ஒரு செயலி, தேதி நேரம் இடம் எல்லாம் படத்திலேயே விழும். போனில் வருகிற சாதாரண கேமராவைவிட இதற்கு அதுதான் நல்லது. வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படத்தைப் பிரிண்ட் போடாதீர்கள், கறுப்பாக வரும். வண்டி எண் தெரியலாம், பிள்ளைகள் முகம் தெரியக்கூடாது.

அப்புறம் டேப் பிடித்து அளந்தோம். எங்கள் ரோட்டின் தார் அகலம் 22 அடி, இரண்டு பக்கமும் கார் நின்றால் நடுவில் மிச்சம் பத்தடிகூட இல்லை. அந்த ஒரு வரி ஒரு பக்க வருத்தத்தைவிட நன்றாக வேலை செய்தது. பொறியாளர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

நான்காம் படி: ஒரு பக்கம், ஒரு கோரிக்கை

டைப் செய்வதைவிட வெள்ளை ஏ4 தாளில் கையால் தெளிவாக எழுதுவதே எனக்குப் பிடிக்கும், திருத்த வேண்டியிருந்தால் அங்கேயே திருத்தி எழுதலாம். "தக்க நடவடிக்கை எடுக்குமாறு" என்று முடிக்காதீர்கள். அப்படி எழுதினால் "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்றே பதில் வரும். என்ன வேண்டும் என்று அளவோடு எழுதுங்கள். நான் போலீசுக்கு எழுதியதில் முக்கியமான பத்தி இது:

"பள்ளி வாசலில் இருந்து இருபுறமும் 50 மீட்டர் தூரத்துக்கு, பள்ளி வேலை நாட்களில் காலை 8.15 முதல் 9.30 வரையும் மாலை 3.45 முதல் 4.45 வரையும் நான்கு சக்கர வாகனங்கள் நிறுத்தாதபடி தடுப்பு வைத்துத் தர வேண்டுகிறோம். முகூர்த்த நாட்களின் பட்டியலை மண்டபத்தில் இருந்து பெற்று முன்கூட்டியே காவல் நிலையத்தில் ஒப்படைக்க நாங்கள் தயார்."

கடைசி வரிதான் வேலை செய்தது. நாமும் ஒரு கை கொடுக்கிறோம் என்று தெரிந்தால் கோப்பு நகர்கிறது.

கையெழுத்து இருபது போதும், ஆனால் பெயர், கதவு எண், போன் எண்ணோடு. தலைமையாசிரியர் கையெழுத்து கிடைத்தால் முதலில் அதை வையுங்கள். மினி பஸ் டிரைவரிடமும் கேளுங்கள், எங்களுக்கு அவர் சொன்ன விவரம் வேறு யாருக்கும் தெரியாது: எந்த வளைவில் பின்னால் எடுக்க வேண்டியிருக்கிறது, எத்தனை நிமிடம் தாமதம் என்று அவர் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். மண்டபத்துக்காரரிடமும் முதலிலேயே போய்ப் பேசுங்கள். எங்கள் வார்டு கவுன்சிலர் அக்கா கூட வந்தார், சண்டை போடாமல் பேசினோம், அந்தப் பேச்சுதான் பின்னால் உதவியது.

ஐந்தாம் படி: கொடுக்கும் இடம்

திங்கள்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மனுவைப் பதிவு செய்து எண் போட்ட ரசீது தருவார்கள், அதை அப்போதே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முதல்வரின் உதவி எண்ணான 1100க்குப் போன் செய்தும் பதிவு செய்யலாம், முதல்வரின் முகவரி இணையதளத்திலும் போடலாம். நான் இரண்டையும் பார்த்ததில் திங்கள்கிழமை மனுவுக்கே என் ஓட்டு, படங்களையும் அளவையும் நேரில் காட்ட முடிகிறது. ஆனால் தெருவிளக்கு, ஸ்லாப் உடைந்தது போன்ற சின்ன விஷயத்துக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நாகர்கோவில் போக வேண்டியதில்லை, 1100 போதும்.

தேசிய நெடுஞ்சாலை என்றால் அதன் உதவி எண் 1033, இல்லை மத்திய அரசின் குறைதீர்ப்பு இணையதளமான சிபிகிராம்ஸ்.

உள்ளூர் அலுவலகத்தில் நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். "வச்சிட்டுப் போங்க அக்கா, பார்க்கிறோம்" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். முத்திரை இல்லாத மனுவுக்கு மூன்று மாதம் கழித்து யாரிடமும் கணக்குக் கேட்க முடியாது.

ஆறாம் படி: பதில் வரவில்லை என்றால்

தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்விக்குப் பதில் வராது. ஆவணம் கேளுங்கள்: இந்தத் தேதியிட்ட என் மனுவின் மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகல், இந்தக் கட்டடத்துக்கு அனுமதித்த வரைபடத்தின் நகல். எங்கள் விஷயத்தில் வரைபடத்தின் நகல்தான் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது. மண்டபத்தின் மேற்குப் பக்கம் முழுக்க வாகன நிறுத்தம் என்று அதில் கோடு போட்டிருந்தது, நேரில் அங்கே ஜெனரேட்டர் அறையும் பாத்திரம் கழுவும் இடமும்.

பிறகு சேர்த்தவை

கருங்கல் பக்கமிருந்து ஒருவர் எழுதியிருந்தார், கிராம சபையில் தீர்மானம் போடச் சொன்னால் எங்கள் ஊரில் கிராம சபையே இல்லை என்கிறார்களே என்று. கிராம சபை கிராம ஊராட்சிக்கு மட்டும்தான். நம் மாவட்டத்தில் பேரூராட்சிகள் ஏறக்குறைய ஐம்பது, அதனால் பலருக்கு இந்தக் குழப்பம் வருகிறது. பேரூராட்சி என்றால் வார்டு கவுன்சிலர் மூலமாக மன்றக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். கிராம ஊராட்சியில் இருப்பவர்களுக்கு ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் உண்டு. தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 உடன் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தபோதும் கிராம சபை நிற்கவில்லை, போய் உட்கார்ந்து தீர்மானத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

பதிவுத் தபால் இல்லை என்று போஸ்ட் ஆபீசில் திருப்பி அனுப்பினார்கள் என்று இரண்டு பேர். 2025இல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். ஸ்பீடு போஸ்டில் போட்டு, பெறுநரிடம் கொடுத்ததற்கான சான்று வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

மத்திய அரசு அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு போடுகிறவர்கள் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டாதீர்கள், செல்லாது. போஸ்டல் ஆர்டர் வையுங்கள்.

தேர்தல் நடத்தை விதி இருக்கும்போது குறைதீர்க்கும் நாள் நடக்காது, பெட்டி வைத்திருப்பார்கள். அவசரமில்லை என்றால் காத்திருந்து ரசீதோடு கொடுங்கள்.

எங்கள் முக்கு இப்போது எப்படி என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். முகூர்த்த நாட்களில் போலீஸ் தடுப்பு வருகிறது. மண்டபத்துக்காரர் பக்கத்துத் தென்னந்தோப்பை வாடகைக்கு எடுத்து வண்டிகளை அங்கே விடுகிறார், ஜெனரேட்டர் அறையை மாற்றக் கால அவகாசம் கேட்டிருக்கிறார். ரோட்டோரம் வெள்ளைக் கோடு போட்டாகிவிட்டது, உடைந்த ஸ்லாப் ஏழில் ஐந்தை மாற்றியிருக்கிறார்கள். மிச்சம் இரண்டும் பள்ளி வாசலுக்கு நேர் எதிரே இருக்கின்றன. அதற்கான மனு எழுதி வைத்திருக்கிறேன், வருகிற திங்கள்கிழமை முதல் பஸ்ஸில் போகிறேன்.