மான் பண்ணையில் நோய்க் கண்காணிப்பு: எங்கே கோட்டை விடுகிறோம்?

மந்தை கொழுகொழுவென்று மேய்கிறது, அதனால் நோய் இல்லை என்று முடிவுகட்டுவதுதான் முதல் தவறு. மான், எல்க் (பெரிய வகை மான்) இரண்டையும் தாக்கும் நாட்பட்ட மெலிவு நோய் (சிடபிள்யூடி) உடலில் புகுந்த பிறகு ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும். அதற்குள்ளேயே எச்சில், சிறுநீர், சாணம் வழியாகப் பிரியான்கள் (நோயைப் பரப்பும் உருக்குலைந்த புரதங்கள்) வெளியேறத் தொடங்கிவிடும். எலும்பு தெரிய இளைத்து, எச்சில் ஒழுக நிற்கும் மானைத் தேடிக் காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும்.

கண்காணிப்பின் உயிர்நாடி, செத்த மான்தான். பண்ணை மந்தைகளுக்கான அமெரிக்க சிடபிள்யூடி சான்றிதழ்த் திட்டத்தில் 12 மாதம் நிரம்பிய எந்த மான் இறந்தாலும் பரிசோதிக்க வேண்டும். இடி விழுந்து செத்தாலும் சரி, வேலியில் சிக்கிச் செத்தாலும் சரி. 'காரணம்தான் தெரியுமே' என்று புதைத்துவிடுகிறவர்கள் அதிகம். நோயுற்ற மான் தடுமாறி வேலியில் மோதியிருக்கலாம் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

மாதிரி எடுப்பதில்தான் பெரிய கூத்து. தேவை இரண்டு: மூளைத்தண்டில் ஓபெக்ஸ் என்னும் பகுதி, தொண்டைக்குப் பின்னால் இருக்கும் நிணநீர்க் கணுக்கள். பழகாத கை கணுவுக்குப் பதில் உமிழ்நீர்ச் சுரப்பியை வெட்டி அனுப்பிவிடும். கணு வழவழப்பாக, உருண்டு திரண்டிருக்கும். சுரப்பி சிறு சிறு மடல்களாகப் பிரிந்திருக்கும். வெயிலில் ஒரு நாள் கிடந்த தலையில் ஓபெக்ஸ் கூழாகிவிடும், அப்புறம் ஆய்வகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. காது வில்லையையும் மாதிரியோடு அனுப்புங்கள். எந்த மான் என்று தெரியாத முடிவு வெறும் காகிதம்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று வரலாறு தெரியாத மானை வாங்குவதும் ஆபத்து. கனடாவிலிருந்து இறக்குமதியான எல்க் மூலமாகத்தான் இந்த நோய் தென்கொரியாவுக்குப் போனது. ஒற்றை வேலியும் போதாது, காட்டு மான் மூக்கோடு மூக்கு உரசும். வழக்கமான கிருமிநாசினியை நம்பவே வேண்டாம்: கொதிநீரும் ஃபார்மலினும் பிரியானை அசைக்காது, மண்ணில் அது ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

இதையே நினைத்துக் காசநோயை மறப்பவர்களும் உண்டு. கழுத்தில் மயிர் கத்தரித்துத் தோலில் காசநோய்ப் பரிசோதனை ஊசி போட்டால் மட்டும் போதாது. 72 மணி நேரம் கழித்து மானை மறுபடி பிடித்து, அதே இடத்தைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். தூரத்தில் நின்று பார்த்துவிட்டு 'வீக்கம் இல்லை' என்று எழுதுவது பரிசோதனை ஆகாது.